ஷாங்காயில் எந்தப் பள்ளி? ஒரே வீட்டில் இரண்டு கணக்கு

எங்கள் குடியிருப்பில் ஏழாம் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி, ‘சாப்பிட்டாச்சா?’ சீனர்கள் அதைப் பதிலுக்காகக் கேட்பதில்லை, வணக்கம் சொல்வது போலத்தான். நம் ஊரிலும் பாதி நேரம் அப்படித்தானே. போன மாதம் ஒருநாள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் வழக்கம்போலக் கேட்க, என் பன்னிரண்டு வயது மகன் கொஞ்சம் யோசித்து, இலக்கணம் பிசகாமல், ‘இல்லை, நான் இன்னும் காலை உணவு உண்ணவில்லை’ என்றான். பாட்டி பதறிப்போய்த் தன் பையைத் திறந்து ஆவியில் வேகவைத்த சூடான பாவ்சி உருண்டை ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டார். உள்ளே பன்றிக்கறி. நாங்கள் முட்டையோடு நின்றுவிடுகிறவர்கள். எட்டு வயதுகூட ஆகாத தங்கை குறுக்கே புகுந்து, ‘ஆச்சு பாட்டி, இவன் சும்மா சொல்றான், நீங்க சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டுப் பாவ்சியையும் வாங்கித் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு பேரும் வளர்வது ஒரே வீட்டில், ஒரே சாம்பாரில். பள்ளிதான் வேறு. 2023 தொடக்கத்தில் இங்கே வந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. என் கணவருடைய கம்பெனி ஃபீஸ் கட்டும் என்றதும் வேறு யோசனையே இல்லாமல் இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்த்தோம். மகளுக்கு நாலரை வயது. பள்ளி வயது வரவில்லை என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. சரி, ஒரு வருடம்தானே என்று தெருமுனையில் இருந்த சீன மழலையர் பள்ளியில் விட்டோம். அது பிடித்துப்போக, முதல் வகுப்பும் பக்கத்து அரசுப் பள்ளியிலேயே ஆயிற்று. இப்போது இரண்டாம் வகுப்பு முடியப்போகிறது. செப்டம்பரில் அவளை மாற்றுவதா, அங்கேயே விடுவதா என்பதுதான் மூன்று மாதமாக வீட்டில் ஓடும் பேச்சு.

புதிதாக வருகிற குடும்பங்கள் கேட்பதும் இதே கேள்விதான்: ‘இவ்வளவு தூரம் வந்திருக்கோம், பிள்ளை சீன மொழியையும் பழக்கவழக்கத்தையும் கொஞ்சம் கத்துக்கட்டும், ஆனா படிப்பும் கெடக்கூடாது. எங்கே சேர்க்கலாம்?’ நான் பார்த்ததையும் கணக்குப் போட்டதையும் சொல்கிறேன். எல்லாம் ஷாங்காய்க் கணக்கு. குவாங்சோவிலோ யீவூவிலோ இருப்பவர்கள் ஃபீஸ் விவரத்தை அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைக்கு இங்கே திறந்திருக்கும் கதவுகள் மூன்று. ஒன்று, வெளிநாட்டவர் பிள்ளைகளுக்கென்றே உரிமம் பெற்ற பள்ளிகள். நாம் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று சொல்வது இவற்றைத்தான். சாதாரணச் சீனக் குடிமகன் தன் பிள்ளையை இங்கே சேர்க்க முடியாது. இரண்டு, சீனர்கள் நடத்தும் தனியார் இருமொழிப் பள்ளிகள். மூன்று, அரசுப் பள்ளிகள். சில பெரிய அரசுப் பள்ளிகளில் தனியாக ஒரு பன்னாட்டுப் பிரிவும் உண்டு. ஷாங்காய் உயர்நிலைப் பள்ளியின் பன்னாட்டுப் பிரிவு 1993லேயே தொடங்கியது. கணக்கில் கெட்டியான பிள்ளைகளுக்கு அது நல்ல இடம் என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லாததால் அந்தப் பக்கம் போகவில்லை.

விளக்கும் விசிறியும்

மகன் பள்ளியைப் பற்றிக் குறை சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். மைதானம், நூலகம், கேள்வி கேட்டால் கோபப்படாத ஆசிரியர்கள், எதற்கும் குறைவில்லை. ஆனால் சீனப் பண்பாடு என்று வந்தால், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் சிவப்புக் காகித விளக்கு, விசிறி, ஒரு மணி நேரம் ஜியாவ்சி என்கிற சீனக் கொழுக்கட்டை பிடிக்கும் வகுப்பு, சிங்க ஆட்டம். அடுத்த ஆண்டும் அதே விளக்கு, அதே விசிறி. எங்கள் வீட்டு அலமாரியில் மூன்று விசிறி இருக்கிறது. தீபாவளி, கிறிஸ்துமஸ், ஹாலோவீன் ஆகியவற்றோடு சீனப் புத்தாண்டும் ஒரு விழாவாக வந்துபோகிறது. ஜன்னலுக்கு வெளியே கிடப்பது சீனா என்பதே சில சமயம் மறந்துவிடும்.

சீன மொழி வகுப்பு வாரத்துக்கு ஐந்து பீரியட். கேட்க நிறைய மாதிரி இருக்கும். நடப்பது வேறு. ஆண்டுதோறும் பாதிப் பிள்ளைகள் போஸ்டிங் முடிந்து கிளம்பிவிடுகிறார்கள், புதிதாகப் பாதி வருகிறார்கள். ஆசிரியை மறுபடி ‘நீ ஹாவ்’, நிறங்கள், விலங்குகள் என்று முதலிலிருந்து பிடிக்கிறார். மகனுக்குப் பாண்டா என்பதற்கான சொல்லை மூன்று முறை கற்றுத் தந்திருக்கிறார்கள். மணி அடித்ததும் எல்லாரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். கொரியப் பையனும் பிரேசில் பையனும் என் மகனும் சண்டை போட வேண்டுமானால் ஆங்கிலம்தானே வழி?

ஒரு விஷயத்தில் மகன் பள்ளிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். சீனாவைப் பற்றி யோசிக்கச் சொல்லித் தருகிறார்கள். கடல் வணிகம் பற்றி ஒரு ப்ராஜெக்ட் வந்தது. மகன் பழைய துறைமுக நகரமான சுவான்சோவை எடுத்துக்கொண்டான். அங்கே கிடைத்த தமிழ், சீனம் இரண்டும் உள்ள 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சிவன் கோயில் இருந்ததற்கான சிற்பங்கள், பிறகு சீனக் கடற்படைத் தளபதி ஜங் ஹ இலங்கையின் காலி நகரில் நிறுத்திய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியிலும் மூன்று வேறு தெய்வங்களுக்குக் காணிக்கை என்று அவன் தோண்டி எடுத்ததில் பாதி எனக்கே தெரியாது. மே விடுமுறையில் ரயிலேறி சுவான்சோ போனோம். கைய்யுவான் கோயிலின் பின்பக்கத் தூண்களில் நம் ஊர்க் கோயில் மாதிரியே சிற்பங்களைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த பெருமையை மறக்க மாட்டேன். ஆனால் பக்கத்தில் இருந்த சீனப் பலகையை வாசித்துச் சொன்னது தங்கைதான். அவளுக்கு அந்த வாக்கியத்தின் பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாது. இவனுக்குப் பொருள் தெரியும், எழுத்து தெரியாது. இருவரும் சேர்ந்துதான் ஒரு பலகையைப் படித்து முடித்தார்கள்.

சித்தப்பா, பெரியப்பா

மகளின் பள்ளிக்கு வருவோம். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதல் வகுப்பில் ஒருநாள் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். அதே வாரம் தற்செயலாக மகனுக்கும் சீன வகுப்பில் குடும்பம் பற்றித் தாள் ஒன்று வந்தது. அவன் தாளில் ஆங்கில வழக்கப்படி ஒரே ஒரு ‘அங்கிள்’, ஒரே ஒரு ‘ஆன்ட்டி’, அவற்றுக்கு எதிரே ஆளுக்கொரு சீனச் சொல். மகள் பள்ளியில் கொடுத்தது முழு மரம். அப்பாவின் அண்ணன் போபோ, அப்பாவின் தம்பி ஷூஷு, அப்பாவின் அக்கா தங்கை கூகு, அம்மாவின் சகோதரர் ஜியூஜியூ, அம்மாவின் அக்கா தங்கை வேறு. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு ஒரு பெயர், அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு இன்னொரு பெயர். ‘இதெல்லாம் எப்படிடீ ஞாபகம் வெச்சுக்கப் போறே?’ என்று கேட்டேன். ‘ஈஸிம்மா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா’ என்று விரல் விட்டு எண்ணினாள். எனக்குச் சுரீரென்றது. ஆங்கிலம் வழியாகப் போனவனுக்கு எல்லாரும் அங்கிள் ஆகிவிட்டார்கள். தமிழிலிருந்து நேராகச் சீனத்துக்குப் போனவளுக்கு மாமா மாமாவாகவே கிடைத்தார். ஓர் இடத்தில் மட்டும் இடித்தது. சித்தி பிள்ளைகளும் நமக்கு அண்ணன் தங்கைதான். சீனத்தில் அப்பா கூடப்பிறந்த ஆண்களின் பிள்ளைகள் ஒரு வகை, மற்ற எல்லாரும் வேறு வகை. ‘சித்தி பையன் எப்படி அண்ணன் இல்லாமப் போவான்?’ என்று ஆசிரியையிடமே கேட்டிருக்கிறாள். அவரும் அசராமல், உங்கள் ஊர் முறையை வகுப்புக்குச் சொல்லு என்று எழுப்பிவிட்டாராம்.

இன்னொன்று முட்டை. மே 5ஐ ஒட்டி இங்கே லீஷியா வரும், கோடை பிறக்கிற நாள். சூரியன் நகர்வதை வைத்து ஆண்டை 24 பருவங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்களே, யுனெஸ்கோகூட 2016ல் தன் பட்டியலில் சேர்த்தது, அதில் ஒன்று. யாங்சி ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் இந்தப் பகுதியில் அன்று பிள்ளைகள் வண்ண நூலில் பின்னிய சின்ன வலைப் பையில் அவித்த முட்டையைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவார்கள். வகுப்பில் முட்டையோடு முட்டையை மோதவிடுவார்கள், உடையாத முட்டைதான் ராஜா. எங்களுக்குப் பை பின்னத் தெரியாது. ஏழாம் மாடிப் பாட்டி சிவப்பும் பச்சையுமாய் நூல் எடுத்துப் பத்து நிமிடத்தில் பின்னிக் கொடுத்தார். எந்த முட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எந்த முனையைக் காட்ட வேண்டும் என்று தனியாக ஒரு பாடமும் நடந்தது. அன்று மாலை மகள் ஊரிலிருக்கும் என் அம்மாவிடம் போனில் இதைச் சொல்ல, ‘இங்கே நேத்துதான் கத்திரி ஆரம்பிச்சுது’ என்றார் அம்மா. மகளுக்கு ஒரே ஆச்சரியம், ஆயாவுக்கும் லீஷியா தெரியும் போலிருக்கிறதே என்று.

ஏப்ரலில் சிங்மிங் வந்தால் பச்சை மாவு உருண்டை, செத்துப்போன தாத்தா பாட்டியின் கல்லறையைச் சுத்தம் செய்யப் போகும் நண்பர்கள். ஆடி அமாவாசையை அவளுக்கு விளக்கத் தேவையே இருக்கவில்லை. சோற்றை மிச்சம் வைத்தால், ஒவ்வொரு பருக்கையிலும் உழவரின் பாடு இருக்கிறது என்கிற தாங் காலத்துக் கவிதையை அண்ணனைப் பார்த்து ஒப்பிக்கிறாள். வகுப்பைத் தாங்களே கூட்டும் முறைப்பட்டியல், நடுக்காலையில் கண்ணை மூடிப் புருவத்தை நீவிச் செய்யும் கண் பயிற்சி, எதற்கெடுத்தாலும் வெந்நீர். ஜுரமா, வெந்நீர். வயிற்று வலியா, வெந்நீர். இவற்றில் எதையும் ‘பண்பாடு’ என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இனி எழுத்து. முதல் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்தில் ஆறே எழுத்து: வானம், நிலம், மனிதர், நீ, நான், அவர். ஆங்கில எழுத்தில் ஒலியைக் காட்டும் பின்யின் அதற்கு அப்புறம்தான். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் சுமார் 1,600 எழுத்துகளை அடையாளம் காண வேண்டும், 800 எழுத்துகளை எழுத வேண்டும் என்பது தேசியப் பாடத்திட்டம். நம் 247ஐப் படித்துவிட்டால் அப்புறம் எதையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. நோட்டில் நான்கு கோடு கிடையாது, கட்டம். ஒவ்வொரு கட்டமும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாய்க் கோடு போட்டு, ‘வயல்’ என்ற எழுத்தின் வடிவிலேயே இருக்கும். அந்த வயலுக்குள் ஒவ்வோர் எழுத்தையும் வரப்பு தாண்டாமல் நட வேண்டும். கோடு போடும் வரிசை மாறினால், எழுத்து பார்க்கச் சரியாக இருந்தாலும் தவறுதான்.

விளக்கு விசிறியில் வராத சங்கதிகள்

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது பண்டிகையும் பாசமும் மட்டும் வராது, நாடும் சேர்ந்து வரும். திங்கள்கிழமை கொடியேற்றம். ஒழுக்கமும் சட்டமும் என்று ஒரு பாடம். 2021 செப்டம்பரிலிருந்து ஷி ஜின்பிங்கின் சிந்தனைகள் பற்றிய மாணவர் வாசிப்பு நூலும் பாடத்தில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கான இளம் முன்னோடிகள் அமைப்பில் சேர்ந்ததன் அடையாளம் கழுத்தில் கட்டும் சிவப்புத் துணி. மகள் வகுப்பில் அதைக் கட்டிவிடும் விழா நடந்த அன்று அவளைப் போட்டோ எடுக்க உதவச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். சீனக் குழந்தைகளுக்கான அமைப்பு அது, பள்ளியின் மேல் தப்பில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் சிவப்பு துப்பட்டாவை மடித்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். நான் பார்க்காத மாதிரி சமையலறைக்குள் போய்விட்டேன்.

வரைபடம் இன்னொரு சிக்கல். 2023 ஆகஸ்டில் சீனா வெளியிட்ட வரைபடத்தில் அருணாசலப் பிரதேசமும் அக்சாய் சின்னும் சீனாவுக்குள் இருந்ததை இந்தியா கண்டித்தது ஞாபகம் இருக்கும். வகுப்புச் சுவரில் தொங்குவது அந்த வரைபடம்தான். இரண்டாம் வகுப்பில் யாரும் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை. ஏழாம் வகுப்பில் பார்ப்பார்கள். சின்ன வகுப்புகளுக்கு அரசுப் பள்ளி, பெரிய வகுப்புகளுக்கு வேறு என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதியச் சாப்பாடு பள்ளியில்தான். சோறு, சூப், இரண்டு கூட்டு. பீன்ஸ் பொரியல் என்று நினைத்தால் அதில் கொத்துக்கறி ஒளிந்திருக்கும். ‘கறி வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தால், ‘சரி, கொஞ்சமாகப் போடுகிறோம்’ என்பார்கள். கெட்ட எண்ணம் இல்லை, வளரும் பிள்ளைக்குக் கறி கொடுக்காமல் இருப்பது அவர்களுக்குப் பாவம். கடைசியில் வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுமதி வாங்கினோம். சுத்த சைவக் குடும்பங்கள் இதைச் சேருவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

பெற்றோர் பாடு தனி. எல்லாம் வீசாட் குழுவில்தான், இங்கே வாட்ஸ்அப் மாதிரி அது. ஆசிரியை ஒரு செய்தி போட்டால் வரிசையாக எல்லாரும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பதில் போட வேண்டும். விவரம் கேட்டால் ஒருவர் 1 என்று எண் போட்டுப் பிள்ளை பெயர், விவரம் எழுதுவார். அடுத்தவர் அதைத் தொட்டு 2, 3 என்று சங்கிலி நீளும். எழுதாதவர் யார் என்று ஊருக்கே தெரியும். செயலியிலேயே மொழிபெயர்ப்பு இருப்பதால் ஓட்டுகிறேன். ஒருமுறை மொழிபெயர்ப்பு சொதப்பி, இலை கொண்டுவரச் சொன்ன நாளில் தேயிலைப் பொட்டலம் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுப்பாடம் பற்றி ஊரில் பெரிய பயம் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடமே கிடையாது. மூன்றாம் வகுப்பிலிருந்து தொடக்கப் பள்ளி முடியும் வரை சராசரியாக ஒரு மணி நேரத்துக்குள். விதி அப்படி. ஆனால் மனப்பாடமும் சொல்வதெழுதுதலும் இருக்கவே இருக்கின்றன. சொல்வதெழுதுதலுக்குச் சீனம் உச்சரிக்கத் தெரிந்த பெரியவர் வேண்டும். எங்கள் வீட்டில் செயலிதான் சொல்லும், அவள் எழுதுவாள், நான் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கோடு எண்ணுவேன். மூன்றாம் வகுப்பில் கட்டுரை எழுதுவது தொடங்குகிறது. கட்டுரையைத் திருத்த எந்தச் செயலியை நம்புவது?

நடுவில் இருப்பவை

இருமொழிப் பள்ளிகள் ஒரு காலத்தில் எங்களைப் போன்றவர்களுக்குச் சரியான விடையாக இருந்திருக்கும். 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளுக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தேசியப் பாடத்திட்டம்தான், வெளிநாட்டுப் பாடநூல் கூடாது. பல பள்ளிகள் பெயரிலிருந்து ‘இன்டர்நேஷனல்’ என்பதையும் எடுத்துவிட்டன. போதாக்குறைக்கு 2020 முதல், இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். நாங்கள் பார்த்த பள்ளியில் படிப்பவர்கள் பெரும்பாலும் வசதியான சீன வீட்டுப் பிள்ளைகள். பெற்றோரின் கனவு ஆங்கிலமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும். என் மகளைப் பார்த்ததும் அங்கிருந்த ஓர் அம்மா, ‘எங்கள் பையனோடு ஆங்கிலத்தில் பேசச் சொல்லுங்கள்’ என்றார். சீனம் கற்கப் போன இடத்தில் ஆங்கிலம் கற்றுத்தரும் வேலை. ஃபீஸும் ஒரு லட்சம் யுவானுக்குக் குறையாது. எனக்கு ஒட்டவில்லை.

இன்டர்நேஷனல் பள்ளிகளிலேயே வேறு மாதிரியும் உண்டு. யூ ச்சங் பள்ளி 1993 முதல் ஷாங்காயில் இருக்கிறது. சின்ன வகுப்புகளில் ஒரு சீன ஆசிரியரும் ஒரு மேலைநாட்டு ஆசிரியரும் ஒரே அறையில் சேர்ந்து நடத்துவது அவர்கள் முறை. சீனம் தனிப் பீரியடாக ஒதுங்காமல் நாள் முழுக்கக் காதில் விழுகிறது. இந்தப் பாணியைப் பின்பற்றும் பள்ளிகள் வேறு சிலவும் உண்டு. போய்ப் பார்க்கும்போது வகுப்பறையைக் காட்டுவார்கள், நீங்கள் இன்டர்வெல் மணி அடிக்கும் வரை காத்திருந்து மைதானத்தைப் பாருங்கள். பந்தைப் பிடுங்கினால் பிள்ளைகள் எந்த மொழியில் கத்துகிறார்கள்? அந்த மொழிதான் உங்கள் பிள்ளைக்கு வரப்போகிறது. நான் நான்கு பள்ளி பார்த்தேன். ஒன்றில்தான் சீனத்தில் கத்தல் கேட்டது.

ஜப்பானியர்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று தங்கள் பாடத்திட்டத்தோடு தங்கள் பள்ளியையே இங்கே நடத்துகிறார்கள், உயர்நிலை வகுப்புகள் வரை. கீழ்வீட்டு ஜப்பானியப் பையன் இங்கே வந்து ஆறு ஆண்டு ஆகிறது. என் மகனைவிடச் சீனம் குறைவு. அவனுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

பணம், காலம், தமிழ்

கம்பெனி கட்டினால் ஃபீஸ் கணக்கே வேறு. பெயர்பெற்ற இன்டர்நேஷனல் பள்ளிகளில் ஆண்டுக்கு 2 லட்சம் யுவானுக்கு மேல், பெரிய வகுப்புகளில் 3 லட்சத்தையும் தொடும். யுவானுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று தோராயமாக வைத்தாலும் 24 லட்சத்தில் ஆரம்பம். வெளிநாட்டு ஊழியரின் பிள்ளைகள் படிப்புச் செலவுக்கான வரிச்சலுகையை 2027 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். சம்பளம் பேசும்போதே, சம்பளத்தோடு சேர்க்காமல் படிப்புச் செலவைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக் காசு என்றால் பேச்சே இல்லை, சின்ன வகுப்புகளுக்கு அரசுப் பள்ளிதான். எல்லா அரசுப் பள்ளியும் வெளிநாட்டுப் பிள்ளையை எடுத்துவிடாது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், போலீஸ் பதிவு, குடியிருப்பு அனுமதி, தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் கையில் இருக்கட்டும். வயது ஆகஸ்ட் 31க்குள் ஆறு நிரம்பியிருக்க வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் அடுத்த ஆண்டுதான்.

என்னைக் கேட்டால் பணத்தைவிடப் பெரிய கேள்வி, பிள்ளைக்கு என்ன வயது, எத்தனை ஆண்டு இருக்கப்போகிறீர்கள் என்பது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கண்ணை மூடிக்கொண்டு சீன மழலையர் பள்ளி, ஓராண்டு போஸ்டிங்காக இருந்தாலும். மதியம் வரிசையாகப் போட்ட குட்டிக் கட்டிலில் மற்ற பிள்ளைகளோடு தூங்கி எழுந்தால் போதும், மொழி ஒட்டிக்கொள்கிறது. முதல் மூன்று மாதம் மகள் வாயே திறக்கவில்லை. நான் பயந்துபோனேன். நான்காம் மாதம் ஒருநாள் தூக்கத்தில் சீனத்தில் உளறினாள். ஒன்பது பத்து வயதில் வருகிற பிள்ளையை அரசுப் பள்ளியில் போடாதீர்கள். பக்கத்து இருக்கைப் பையனுக்கு இரண்டாயிரம் எழுத்துக்கு மேல் தெரிந்திருக்கும், நம் பிள்ளை எல்லாப் பாடத்திலும் ஊமையாய் உட்கார்ந்திருக்கும். மகனை இன்டர்நேஷனலில் போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. வகுப்பை மட்டும் நம்பிச் சும்மா இருந்ததுதான் தப்பு. இந்தக் குளிர்காலத்தில் குடியிருப்புக்குள் இருக்கும் கூடைப்பந்துத் திடலில் சீனப் பையன்களோடு ஆடத் தொடங்கினான். ஒரு மாதத்தில் அவன் கற்ற சீனத்தில் பாதியை என்னிடம் மொழிபெயர்க்க மறுக்கிறான்.

இன்டர்நேஷனலில் போடுகிறவர்களுக்கு, பள்ளி நேரத்துக்கு வெளியே கலைகள் சொல்லித்தரும் சிறார் மாளிகை நல்ல துணை. 1953ல் சீனத் தலைவர் சோங் சிங்லிங் தொடங்கி வைத்தது யான்ஆன் சாலையில் இருக்கிறது, பழைய பளிங்கு மாளிகையில். வட்டாரத்துக்கு வட்டாரம் சின்னதாகவும் உண்டு. தூரிகை எழுத்து, வெய்ச்சி என்கிற பலகை ஆட்டம், அர்ஹூ என்கிற தந்தி வாத்தியம், காகித வெட்டு என்று வார இறுதி வகுப்புகள். எல்லாம் சீனப் பிள்ளைகளோடு.

இப்போது எங்கள் கணக்கு. 2028ல் ஊர் திரும்புவதாகப் பேச்சு. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். வெளியிலிருந்து வருகிறோம் என்று விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதலாம்தான். தமிழ்க்காரி தமிழுக்கு விலக்குக் கேட்பதா என்று என் அம்மா ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது. மகள் தமிழ் நன்றாகப் பேசுகிறாள், வாசிப்பு மட்டும் மாட்டு வண்டி. பேச்சுச் சீனம் அவளுக்குள் போய்விட்டது. இனி அரசுப் பள்ளி கூடுதலாகத் தரப்போவது எழுத்துகள், வருடத்துக்கு நூற்றுக்கணக்கில். அந்த எழுத்துகளுக்கு வேண்டிய மாலை நேரம் தமிழிடமிருந்துதான் போகும். ஆங்கிலத்திடமிருந்து போகாது, அதை யாரும் தொட விடமாட்டார்கள். இந்த ஒரே காரணத்துக்காக, சீனத்தில் கத்தல் கேட்ட அந்த இரட்டை ஆசிரியர் பள்ளிக்கு மாற்றலாம் என்று இவர் சொல்கிறார். பெரிய பிள்ளை மாதிரி இவளுக்கும் கம்பெனி கட்டும். எனக்கும் அறிவுக்கு அது சரியென்றுதான் படுகிறது. போன வாரம் அங்கிருந்து இடம் இருப்பதாக மின்னஞ்சலும் வந்துவிட்டது.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று அவள் வகுப்புக் குழுவில் மூன்றாம் வகுப்புச் சீருடைக்கு அளவு கேட்டிருந்தார்கள். சங்கிலியில் 31 பேர் எண் போட்டு எழுதிவிட்டார்கள். நான் இரண்டு முறை திறந்து, 32 என்று அடித்து, அழித்துவிட்டேன்.